வலது முன்சக்கரம்

என் அத்தான் ஞானதாசன் ஏழு வருடமாக ஒரே ஜெபத்தைச் செய்து வந்தார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள அவர் வீட்டு முன்னறையில், டி.வி.யை அணைத்து, பாய் விரித்து, குடும்பமாக முழங்கால் போடுவார்கள். தேசத்துக்காக, சபைக்காக, நோயாளிகளுக்காக, வெளிநாட்டில் கிடந்து உழைக்கிற பிள்ளைகளுக்காக என்று வரிசையாக வந்து, கடைசியில் ஒரு வரி வரும். "எங்க மகள் ஜாஸ்மிக்கு நிதானத்தைத் தாரும் ஆண்டவரே." பக்கத்தில் முழங்காலில் நிற்கும் ஜாஸ்மி அதற்கு "ஆமென்" சொல்லுவாள். இருபத்திரண்டு வயதில் சொல்ல ஆரம்பித்தவள். இப்போது அவளுக்கு இருபத்தொன்பது.

முழங்கால் போடாதவள் என் அக்கா ராகேல் ஒருத்திதான். பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கால் மடங்காது. ஜாஸ்மி ஓட்டிய காரில் போகும்போது உடைந்தது. ஜெபத்தின் கடைசி வரி அந்தக் காலிலிருந்து பிறந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை அந்த வரி அத்தானின் வாயிலேயே நின்றுபோனது. காரணம், பழைய காரின் வலது முன்சக்கரத்தில் கழல மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்த ஒரு இரும்புத் தகடு. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

நான் ராகேலின் தம்பி சத்தியராஜ். தக்கலையில் சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புதான். அத்தானுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் அவர் சொல்லுவதற்கெல்லாம் தலையாட்டவும் ஆள் வேண்டும் என்றால் தோப்பின் அந்தப் பக்கம் நின்று ஒரு சத்தம் போடுவார். நானும் போய்த் தொலைப்பேன்.

அத்தானுக்கு அறுபத்துமூன்று வயது. வளைகுடாவில் தம்மாமில் கப்பல் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கப்பலைத் துரு தின்பதைத் தினமும் பார்த்துப் பார்த்து, மனுஷனுக்குத் துருவின் மேல் ஒரு தீராத பகை. லீவுக்கு ஊருக்கு வந்தால் பெண்டாட்டி பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டின் கீலைப் பார்ப்பார். எங்கள் ஊரிலிருந்து கடல் ஆறு கிலோமீட்டர். உப்புக்காற்று தோப்புகளைத் தாண்டி வந்து ஜன்னல் கம்பியைக்கூட அரித்துவிடும்.

"உப்பு மாதிரி ஒரு சத்துரு கெடையாதுலே சத்தியா" என்பார்.

"வேதத்துல உப்பு நல்லதுன்னுல்லா போட்டிருக்கு அத்தான்?"

"அது கறியில போடுத உப்பு. நான் பறையது வேற."

கேட்டுக்குக் கிரீஸ், சைக்கிளுக்குத் தேங்காயெண்ணெய், கிணற்றுக் கப்பிக்கு இன்ஜின் ஆயில். வீட்டின் உத்திரத்துக்கும் கூரைக் கழுக்கோலுக்கும் அண்டி எண்ணெய். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முந்திரிக்கொட்டைக்கு எங்கள் பக்கம் அண்டி என்று பெயர். முந்திரித் தொழிற்சாலை அண்டி ஆபீஸ். கொட்டையின் தோட்டிலிருந்து வடிகிற கறுப்பு எண்ணெய் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். மரத்தில் பூசினால் கரையான் கிட்டே வராது. காய்ந்தால் அரக்காக இறுகிவிடும். அக்கா பத்தொன்பது வருடம் அண்டி ஆபீசில் தோடு உடைத்தவள். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து உடைப்பார்கள். அப்படியும் அவள் விரல் நுனியில் ஏறிய கறுப்பு இன்றுவரை போகவில்லை. புருஷன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியும் வேலையை விடாதவள், கால் உடைந்ததும் விட்டாள். தரையில் குத்தவைக்க முடியாதவளுக்கு அங்கே வேலை கிடையாது.

அந்தக் கால் உடைந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

அத்தான் ஒரு வெள்ளைக் கார் வாங்கிப் போட்டிருந்தார். 2005 மாடல், தக்கலையில் ஒரு டாக்டர் கை மாற்றிக் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வருகிற இரண்டு மாதம் அது ஓடும். மிச்ச நாளெல்லாம் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கும். 2017 பிப்ரவரியில் அவர் லீவு முடிந்து போனார். ஜாஸ்மி அப்போதுதான் நர்சிங் முடித்து, கார் லைசென்சும் எடுத்திருந்தாள். மே மாதம் அருமனையில் ஒரு கல்யாணம். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு ஷெட்டைத் திறந்து வண்டியை எடுத்துவிட்டாள். பஸ்சில் போங்கள் என்று நான்தான் சொன்னேன். யார் கேட்கிறார்கள்?

ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. குளத்தங்கரை இறக்கத்தில் ஒரு ஆட்டோ சந்திலிருந்து எட்டிப் பார்க்க, வண்டி ரோட்டை விட்டு இடது பக்கம் பாய்ந்து கல்சுவரில் மோதியது. அக்காவின் இடது முழங்கால் டாஷ்போர்டுக்குள் சிக்கி நொறுங்கிவிட்டது. ஜாஸ்மிக்கு ஒரு கீறல் இல்லை. நான் ஓடிப்போனபோது அவள் ரோட்டில் நின்று, பிரேக்கை மிதித்தேன் என்று சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா, நான் பிரேக்கைச் சவுட்டுனேன் மாமா. சவுட்டுனேன். வண்டி தானா எடது பக்கமா இழுத்துட்டுப் போச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி தானா இழுக்காது மக்கா. நீ பயத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரச் சவுட்டிருப்ப." எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேப்பரில் எங்கேயோ படித்த விஷயம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னேன், சர்ச்சில் கேட்டவர்களிடம் சொன்னேன், தம்மாமுக்குப் போன் போட்டு அத்தானிடமும் சொன்னேன். நாலாம் நாள் ஜாஸ்மியே என்னிடம் வந்து, "ஆக்சிலேட்டரத்தான் சவுட்டிட்டேன் போல மாமா. எனக்கு ஓர்மை இல்ல" என்றாள். உண்மையை வரவழைத்துவிட்டோம் என்று எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி. அதை நினைத்தால் இப்போது என்னையே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அத்தான் அவசர லீவில் வந்தார். அவளை அடிக்கவில்லை. லைசென்சை வாங்கி, பாஸ்போர்ட்டுகளோடு சேர்த்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். "இனிமே நீ வண்டி வளையத்தத் தொடப்பிடாது" என்றார். அன்று சாயங்காலம்தான் ஜெபத்தில் அந்த வரி சேர்ந்தது.

தம்மாமுக்குத் திரும்பிப் போன பிறகும் ஏழு மணி ஜெபத்தைப் போன் வழியாக அவரே செய்தார். 2019-ல் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். காரை அவரே ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சர்ச்சுக்கும் சந்தைக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினார். பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. வீல் அலைன்மென்ட் மூன்று தடவை பார்த்தார், சரியாகவில்லை. உடனே அதற்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டார். "அவ கொண்டுபோய் இடிச்சதுல சேசிஸ் வளைஞ்சு போச்சு." வண்டியில் யார் ஏறினாலும் பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் இதைச் சொல்லுவார். பின்சீட்டில் ஜாஸ்மி இருந்தாலும் சொல்லுவார். "பாத்தியா இழுக்கத? இது அவளுக்க கைவேலை." அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்க ஒரு குழு தொடங்குகிறார்கள். போன மாதம் இவளைத்தான் கேட்டார்கள், கார் ஓட்டத் தெரிந்த நர்ஸ் வேண்டும் என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். "எனக்குக் கை வராது மாமா. இன்னொருத்தருக்க காலையும் ஒடிக்கணுமா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டு வாரமாகக் காரின் இடது முன்சக்கரம் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று கத்தியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். இடது சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு, டிஸ்க் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும் என்றார்கள். டிஸ்க் என்பது சக்கரத்துக்குப் பின்னால் அதோடு சேர்ந்து சுற்றுகிற வட்டத் தகடு. பிரேக்கை மிதித்தால் காலிப்பர் என்கிற கவ்வி அதை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும். அங்கேயே மாற்றியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பக்கத்துக் காரில் ஒருவன் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். அத்தானுக்குப் பிடிக்கவில்லை. "மாட்டை அடிக்க மாதிரில்லா அடிக்கான். எனக்க வண்டியைக் கொடுக்க மாட்டேன்" என்று இரண்டு புது டிஸ்க்கையும் அதைக் கவ்வுகிற பேட்டுகளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்துப் போல்ட்டுகளை இளக்கி, அப்புறம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் ரப்பர் மரத்துண்டு ஒன்றைத் தாங்கலாக வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது என்று ஒரு பிரசங்கம். இடது பக்கம் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் இரண்டு மரை ஓட்டைகள் உண்டு. அதில் இரண்டு போல்ட்டை விட்டு மாறி மாறி முறுக்க, தகடு டப்பென்று முன்னால் குதித்தது. தேய்ந்து தோசைக்கல்லின் ஓரம் மாதிரி மெலிந்திருந்தது. புது டிஸ்க், புது பேட் எல்லாம் மாட்டி, சக்கரத்தை ஏற்றியபோது பத்தரை மணி. அத்தானுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டியா? சுத்தியல் வேணுமா இதுக்கு?"

வலது பக்கத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

காலிப்பர் சுலபமாக வந்தது, ஆனால் அதன் இரண்டு பாகமும் ஒன்றுக்கொன்று அசையவே இல்லை. அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரேக்கை மிதித்தால் உள்ளிருந்து ஒரு உருளை வெளியே தள்ளிவர வேண்டுமாம். அது வருகிறதா என்று பார்க்க என்னை டிரைவர் சீட்டில் ஏற்றினார்.

"பைய சவுட்டுலே."

மிதித்தேன்.

"சவுட்டு."

"சவுட்டுதேன் அத்தான்."

"ஒண்ணும் அனங்கல்லியே. பிரேக்கத்தான் சவுட்டுதியா?"

"நடுவுல இருக்கதத்தான சொன்னிய? அதத்தான் சவுட்டுதேன்."

"நீ சவுட்டல்ல. கால வெறுதே மேல வச்சிட்டு இருக்க."

எனக்கு வந்ததே கோபம். "எளவு, சவுட்டிட்டுத்தான் இருக்கேன்! உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா நீங்க வந்து சவுட்டுங்க!" என்று கத்திவிட்டு இறங்கினேன். அவர் காதில் வாங்காமல் டிஸ்க்கோடு மல்லுக்கட்டப் போய்விட்டார்.

அது அசையவில்லை. துரு இளக்குகிற ஸ்பிரேயை அரை டப்பா அடித்தார். முகத்தில் இருந்த ஸ்குரூக்களின் தலை மழுங்கி, உளி வைத்து வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மரை ஓட்டையில் போல்ட் விட்டு முறுக்கினால் போல்ட் ஒடிந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் ஒடிந்தது. கடைசியில் சுத்தியலை எடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "சும்மா நில்லு" என்றார். நாற்பது நிமிடம் அடித்தார், தகட்டைச் சுற்றிச் சுற்றி அடித்தார். துருச் செதில் உதிர்ந்ததே தவிர, தகடு அது மாட்டியிருக்கிற நடுக்குடத்தோடு, ஹப்போடு, ஒரே இரும்பாக நின்றது. அடித்த இடங்களில் துரு போய்ப் பார்த்தால், இந்தத் தகடு தேயவே இல்லை. புதிதாக வாங்கி வந்ததோடு வைத்துப் பார்த்தேன். கனம் ஒன்றுதான்.

"இது என்ன அத்தான், ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, ஒரு பக்கம் தேயல்ல?"

"தெரியல்ல" என்றார். அந்த ஆள் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டு ஏ.சி. மெக்கானிக்கிடம் கேஸ் பர்னர் இரவல் வாங்கி வந்தேன். பிரேக் குழாயை எட்ட விலக்கிக் கட்டிவிட்டு, தகட்டின் நடுப் பாகத்தில் தீயைப் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் தகட்டுக்குப் பின்னாலிருந்து கறுத்த புகை வந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. எனக்குத் தெரிந்த நாற்றம்தான், எங்கே முகர்ந்தது என்று மட்டும் பிடிபடவில்லை. அத்தான் பர்னரைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி அடித்தார். தகடு கழன்று சிமென்ட் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அதன் பின்பக்கமும் ஹப்பின் முகமும் கறுப்பாகப் பளபளத்தன. துரு அல்ல. இளகிய கறுப்புப் பசை, நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது.

சமையலறை வாசலில் சத்தம் கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஷெட்டுக்கு வந்தாள். சாயா கொண்டுவரவில்லை. கையில் ஒன்றும் இல்லை.

"என்னத்த எரிக்கிய? அண்டி ஆபீஸ் வாசமுல்லா வருது?"

அவள் குனிய முடியாமல் குனிந்து, தகட்டின் கறுப்பை ஒரு விரலால் தொட்டு, மூக்கில் வைத்தாள். பத்தொன்பது வருடம் அந்த எண்ணெயில் கிடந்த விரல்.

"அண்டி எண்ணெய். இது எப்படி இதுக்குள்ள வந்து?"

நான் அத்தானைப் பார்த்தேன். சுத்தியல் கையில் இருந்தது, அதைக் கீழே வைக்க மறந்துவிட்டார். பேசியபோது குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான்தான் பூசினேன்."

2017 பிப்ரவரி. லீவின் கடைசி நாள். உத்திரத்துக்குப் பூச அக்கா ஆபீசிலிருந்து வாங்கி வந்த தகரத்தில் கால்வாசி எண்ணெய் மிச்சம் இருந்தது. மரத்தைக் கரையானிலிருந்து காப்பாற்றுகிற எண்ணெய் இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றாதா என்று இந்த மகா புத்திசாலிக்கு ஒரு யோசனை. வண்டி இனி இரண்டு வருடம் ஷெட்டில்தானே கிடக்கப் போகிறது. வலது முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, ஹப்பில் பூசி, காலிப்பர் நகர்கிற கம்பிகளில் பூசி, அந்த உருளையைச் சுற்றியும் தாராளமாகப் பூசி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். இடது சக்கரத்துக்கு வருவதற்குள் டாக்சிக்காரன் வந்துவிட்டான். விமானம் திருவனந்தபுரத்திலிருந்து, கேரளாவில் மறுநாள் ஹர்த்தால், வண்டி ஓடாது, முந்தின நாளே எல்லையைத் தாண்டிவிட வேண்டும். தூரிகையைப் போட்டுவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார். அடுத்த லீவில் மிச்சத்தைப் பூசலாம் என்று நினைத்தாராம். அப்புறம் மறந்துபோனார்.

மூன்று மாதத்தில் எண்ணெய் இறுகியது. வலது பிரேக் செத்துப்போனது. மிதித்தால் இடது சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி இடது பக்கம் பாயும். அந்த வண்டியைத்தான் அவள் எடுத்தாள்.

அத்தான் என்னை நோக்கி மெதுவாகத் திரும்பினார்.

"சத்தியா... அப்போ நீ சவுட்டத்தான் செய்தியா?"

"சவுட்டுனேன் அத்தான்."

"நல்லாச் சவுட்டுனியா?"

"நல்லாத்தான் சவுட்டுனேன்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் கத்திய அதே வார்த்தையை ரோட்டில் நின்று அந்தப் பிள்ளை அழுது அழுது சொன்னது. சவுட்டுனேன் மாமா, சவுட்டுனேன். என்னை ஒருவர் ஒரு நிமிடம் நம்பவில்லை என்றதும் எனக்கு அவ்வளவு ஆங்காரம். அவளை ஏழு வருடம் ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியில் அவளே அவளை நம்பவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயந்துவிட்டேன். "அத்தான், பெட்ரோல் ஊத்தித் தொடச்சிட்டுப் புதுசை மாட்டிருவோம். ஏழு வருஷம் ஆச்சு. இனி கெளறி என்னத்துக்கு?" என்றேன். அவர் கண் பெட்ரோல் கேனுக்குப் போனதை நான் பார்த்தேன்.

அக்காவும் பார்த்தாள்.

"தொடைங்க. ரெண்டு பேரும் நல்லாத் தொடைங்க" என்றாள். "எனக்க கால்முட்டையும் தொடைச்சு மடக்கித் தந்துட்டுப் போங்க. அந்தத் தகரத்தச் சொமந்து கொண்டுவந்தவ நான். கால் போனது எனக்கு. அது போட்டும். அவ இந்த ஏழு வருஷத்துல ஒரு நாள் எனக்க காலப் பாத்திருக்காளா? நான் நடந்தா அவ மொகத்தத் திருப்புவா. அதுக்கு என்ன பண்ணப் போறிய?"

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் ரப்பர் மரத்துண்டின் மேல் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வண்டி ஒரு சக்கரம் இல்லாமல் நின்றது.

ஆறு மணிக்கு ஜாஸ்மி டூட்டி முடிந்து பஸ்சில் வந்தாள். ஷெட்டை எட்டிப் பார்த்து, "முடியலியாப்பா? நாளைக்குச் சர்ச்சுக்கு ஆட்டோ சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஏழு மணிக்குப் பாயை விரித்தாள். அன்றைக்கு நானும் முழங்கால் போட்டேன். வீட்டுக்கு ஓடிவிடத்தான் ஆசை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஓட முடியவில்லை.

அத்தான் ஆரம்பித்தார். தேசம் வந்தது, சபை வந்தது. நோயாளிகள் வந்தார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். குரல் ஒவ்வொன்றுக்கும் தேய்ந்துகொண்டே போனது. "எங்க மகள் ஜாஸ்மிக்கு..." என்றார். நின்றுவிட்டது.

மின்விசிறி சுற்றியது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அப்பாவுக்கு வார்த்தை மறந்துவிட்டது என்று ஜாஸ்மி நினைத்திருக்க வேண்டும். வயதாகிறது, பகலெல்லாம் வேலை செய்த களைப்பு. அவருக்கு எடுத்துக் கொடுப்பதுபோல மெல்லிய குரலில் அவளே சொன்னாள்.

"...நிதானத்தைத் தாரும் ஆண்டவரே."

சொல்லிவிட்டு, "ஆமென்" என்றாள். வேறு யாரும் ஆமென் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால், அத்தான் நெற்றியைப் பாயில் வைத்துக் கிடந்தார். தோள் குலுங்கியது. அறுபத்துமூன்று வயது மனுஷன் அழுத சத்தம் முன்னறை முழுக்க நிறைந்தது. "அப்பா, நெஞ்சு வலிக்கா? இங்க பாருங்கப்பா" என்று ஜாஸ்மி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சொல்லுங்க" என்று நாற்காலியிலிருந்து அக்கா சொன்னாள்.

அவர் எழுந்து ஷெட்டுக்குப் போனார். சாக்கில் சுற்றிய தகட்டைக் கொண்டுவந்து பாயின் மேல் அவள் முன்னால் வைத்தார். பீரோவைத் திறந்து லைசென்சை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், எண்ணெய், டாக்சி, ஹர்த்தால், எதையும் குறைக்கவில்லை. சேசிஸ் வளையவில்லை என்பதையும் சொன்னார். "ஆக்சிலேட்டர் கதை நான் கட்டுனது மக்கா. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று நானும் சொன்னேன்.

ஜாஸ்மி அழவில்லை. கத்தியிருந்தால்கூட எங்களுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். லைசென்சைப் பார்க்கவே இல்லை. தகட்டின் கறுப்பை விரலால் தொட்டாள். அம்மாவின் நீட்டிய காலைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பாமல், முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தாள்.

"அப்போ நான் சவுட்டுனேனாப்பா?"

"சவுட்டுன மக்கா."

"பிரேக்கத்தானா?"

"பிரேக்கத்தான்."

நம்பாதவள் மாதிரி அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி அவரிடம் திரும்பி அதையே கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவள் மூன்றாவது தடவை கேட்டபோதுதான் கவனித்தேன். பாயில் உட்கார்ந்திருந்தவளின் வலது பாதம் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.